கண்டி மலைநாட்டிற் காணிச் சுவீகரிப்பு: திட்டமும் மேற்பார்வையும்

கையகலக் காணி வாங்கும் குடியானவனும் அதன் எல்லையை அளந்து பார்ப்பான். உறுதியைப் படித்துப் பார்ப்பான். அங்குக் குடியிருப்போர் யாவரென விசாரிப்பான். பல்லாயிரம் ஏக்கரை ஒருங்கே கைக்கொள்ளும் பொதுநிறுவனம் இம்மூன்றையும் செய்யாதுவிடின் விளைவது யாது? கண்டி நகரைச் சூழ்ந்த மலைநாட்டின் வரலாறு இவ்வினாவுக்கு இருமுறை விடை பகர்ந்துள்ளது.

முதலாவது விடை ஆங்கிலேயர் காலத்தது. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தபின், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவெனக் கருத வழிசெய்தது. ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங்கு என்ற குறைந்த விலைக்கும் காணிகள் கோப்பிப் பயிருக்கென விற்கப்பட்டன. 1844இல் அவ்விலை இருபது சிலிங்காக உயர்த்தப்பட்டது. அளவையாளர் சிலரே, விற்பனையோ மிகப் பெருகியது. விற்கும் அரசாங்கத்தின் உத்தியோகத்தரே வாங்குவோராகவும் இருந்தனர். தேசாதிபதி பான்ஸ் முன்னரே பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையிற் கோப்பித் தோட்டம் அமைத்து இதற்கு வழிகாட்டியிருந்தார். மேற்பார்க்க வேண்டியவரே பங்காளியானபின் மேற்பார்வை எங்ஙனம் நிலைக்கும்? சேனை நிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் இழந்தவர் கிராமவாசிகளே.

அவ்விழப்பின் தழும்பு நெடுங்காலம் ஆறவில்லை. கண்டி விவசாயிகள் ஆணைக்குழு 1951இல் வெளியிட்ட அறிக்கை அவர்தம் நிலமின்மையை விரித்துரைத்தது. 1971 ஏப்பிரில் கிளர்ச்சி அக்குறையை மேலும் உணர்த்திற்று. இதன் பின்னரே 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம் பிறந்தது. தனியொருவர் வைத்திருக்கக்கூடிய நிலம் 50 ஏக்கர் எனவும், வயலாயின் 25 ஏக்கர் எனவும் வரையறுக்கப்பட்டது. மிகுதி, நட்டஈட்டுடன், காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவைச் சாரும். நோக்கம் நேரியதென்பதை எவரும் மறுக்கார். குறை, நிறைவேற்றிய முறையிலேயே இருந்தது.

முதலில் எல்லை. தாம் வைத்துக்கொள்ள விரும்பும் பகுதியை உடைமையாளரே குறித்துக் காட்டலாம் என்றமையால், நல்ல நிலம் அவர்பாற் செல்லவும் எஞ்சியது ஆணைக்குழுவின்பாற் சேரவும் வழியேற்பட்டது. அடுத்து உறுதி. ஆணைக்குழு கையேற்கும்வரை பழைய உடைமையாளரே சட்டப்படியான குத்தகைக்காரராக இருந்தனர். நாளை தமதாகாத நிலத்துக்கு இன்று பசளையிடுபவர் யார்? பல தோட்டங்கள் பராமரிப்பின்றிச் சீரழிந்தன. கம்பனித் தோட்டங்களோ முதலில் விலக்களிக்கப்பட்டு, 1975ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தாலேயே எடுக்கப்பட்டன. முதற்கட்டத்தில் ஏறக்குறைய 560,000 ஏக்கரும் இரண்டாங்கட்டத்தில் ஏறக்குறைய 417,000 ஏக்கரும் அரசுடைமையாயின. இத்துணைப் பெரிய நிலப்பரப்பை ஆள, ஜனவசம, உசவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் எனப் பல அமைப்புகள் முன்வந்தன. பொறுப்பு பலரிடம் பகிரப்பட்டபோது, கணக்குக் கேட்டால் விடைசொல்ல ஒருவருமிலர் என்ற நிலை தோன்றிற்று.

மூன்றாவது குறையே கொடியது. அந்நிலத்திற் குடியிருந்தோர் யாவர்? நான்கு தலைமுறையாக அம்மண்ணிற் கொழுந்து பறித்தவர்கள். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட அம்மக்கள் நிலப்பகிர்விற் பெரும்பாலும் பயனாளிகளாகக் கருதப்படவில்லை. நிலம் கைமாறியது, வேலை குறைந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடும் அதனோடு சேர்ந்தது. லயங்களில் மரணம் பெருகிற்று. குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தன. 1977 மே மாதத்தில், தலவாக்கலைப் பகுதியிலுள்ள டெவன் தோட்டத்தில், நிலம் பறிபோவதை எதிர்த்துத் திரண்ட தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் சிவனு லட்சுமணன் என்னும் இளைஞர் உயிர்நீத்தார். ஒரு குறையை நீக்க எழுந்த சட்டம் மற்றொரு குறையை விளைவித்தது.

1992இல் தோட்டங்களிற் பெரும்பாலானவற்றின் நிருவாகம் கம்பனிகளுக்கு மீண்டும் அளிக்கப்பட்டது. கண்டி, மாத்தளைப் பகுதிகளின் நலிந்த தோட்டங்கள் பல அரசநிறுவனங்களிடமே தங்கின. அவற்றின் தொழிலாளருக்குரிய சேமலாப நிதி நிலுவைகள் பின்னர் நெடுங்காலப் பிணக்காயின. காடடர்ந்த தேயிலை மலைகளை அந்தனைப் பக்கத்தில் இன்றுங் காணலாம்.

விற்றபோது கிராமவாசி மறக்கப்பட்டான். மீட்டபோது தோட்டத் தொழிலாளி மறக்கப்பட்டான். இருவரும் ஒரே மலையின் மக்கள். ஒருவன் இழந்ததற்கு ஈடாக மற்றவன் வாழ்வை எடுத்துக் கொடுப்பது நீதியாகாது. நாளை நில அளவையாளராகவும் கணக்காய்வாளராகவும் காணி உத்தியோகத்தராகவும் அமரவிருக்கும் மாணவர், பத்திரத்திற் கையொப்பமிடுமுன் அக்குடியானவனின் மூன்று வினாக்களையும் ஒருமுறை கேட்பாராக. அவற்றுள் மூன்றாவதை முதலிற் கேட்பாராயின் இவ்வரலாறு கற்றதன் பயன் கைகூடும்.