மகளிடம் ஒப்படைக்கப்பட்ட நிலம்

முதுமையை எவ்வாறு கழிப்பது, தமக்குப் பின் சொத்தை எவ்வாறு விட்டுச் செல்வது என்னும் கவலை நம் காலத்தில் பிறந்ததன்று. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்யலாம் என்று உமர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். நிலத்தை அப்படியே நிறுத்தி வைத்து, அதன் விளைச்சலைத் தர்மமாக்கலாம் என்று அண்ணலார் வழிகாட்டினார்கள். அதன்பின் அந்நிலத்தை விற்கவோ, அன்பளிப்பாகத் தரவோ, வாரிசுகளுக்குப் பங்கிடவோ இயலாது. அதன் வருவாய் ஏழைகளுக்கும் உறவினருக்கும் அடிமைகளின் விடுதலைக்கும் வழிப்போக்கருக்கும் விருந்தினருக்கும் உரியதாயிற்று. நிர்வகிப்பவர் நியாயமான அளவில் உண்ணலாம். அதைக்கொண்டு செல்வம் சேர்க்கலாகாது.

அந்த வக்ஃபை நிர்வகிக்கும் பொறுப்பு யாருக்குத் தரப்பட்டது என்பது நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி. தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்கள் வாழும் காலம்வரை அவர்களே அதைக் கவனிக்க வேண்டும், அவர்களுக்குப் பின் குடும்பத்தில் நல்லறிவு உடையோர் கவனிக்க வேண்டும் என உமர் (ரலி) அவர்கள் எழுதி வைத்ததை அபூதாவூத் தொகுப்பு பதிவு செய்கிறது. ஆண்மக்கள் இருந்தும் முதல் முத்தவல்லி பெண்ணே.

ஸுபைர் (ரலி) அவர்களும் தம் வீடுகளைத் தர்மமாக்கினார்கள். மணவாழ்வு முறிந்து திரும்பும் தம் பெண்மக்கள் எவ்விதத் தொல்லையுமின்றி அங்கே தங்கலாம். மறுமணத்தால் தேவை தீர்ந்தபின் அந்த உரிமை இல்லை என்று நிபந்தனை வகுத்தார்கள். துன்பம் வருமுன்பே அதற்கொரு கூரை அமைத்த முன்யோசனை இது.

சந்ததியினரின் பராமரிப்புக்காகச் செய்யப்படும் இத்தகைய ஏற்பாடே 'வக்ஃபு அலல் அவ்லாத்' என்று பெயர் பெற்றது. இந்தியாவிலும் அது வேரூன்றியது. ஆனால் 1894இல், வங்காளத்துச் சகோதரர் இருவர் செய்த குடும்ப வக்ஃபை லண்டன் பிரிவி கவுன்சில் செல்லாது என்று தீர்த்தது. சந்ததி முழுவதும் அற்றுப்போன பிறகே ஏழைகளுக்குப் பயன் சேரும் என்பதால் அது பெயரளவிலான தர்மமே என்பது நீதிபதிகளின் கருத்து. குடும்பத்தைப் பேணுவதும் இஸ்லாத்தில் தர்மமே என்று கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி சையது அமீர் அலி முன்பே எழுதியிருந்த கருத்து அங்கே ஏற்கப்படவில்லை.

சமுதாயம் வாளாவிருக்கவில்லை. மௌலானா ஷிப்லி நுஃமானி ஆலிம்களின் ஆதரவைத் திரட்டினார். 1911இல் முகம்மது அலி ஜின்னா சட்டமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1913இல் அது சட்டமாயிற்று. இறுதிப் பயன் ஏழைகளுக்கோ நிலையான வேறொரு தர்மத்துக்கோ ஒதுக்கப்பட்டிருந்தால் குடும்ப வக்ஃபு செல்லும் என்று அச்சட்டம் கூறியது. 1913க்கு முன் செய்யப்பட்டவற்றுக்கும் அந்தப் பாதுகாப்பை 1930ஆம் ஆண்டுச் சட்டம் விரித்தது.

அச்சட்டத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. வக்ஃபு செய்பவர் தம் ஆயுள்காலப் பராமரிப்புக்காகவும் அதன் வருவாயை ஒதுக்கிக்கொள்ளலாம் என்னும் சலுகை ஹனஃபிகளுக்கு மட்டுமே தரப்பட்டது. ஷாஃபிஈ மத்ஹபில் தமக்கே வக்ஃபு செய்துகொள்ள இடமில்லை. கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபிகளும் மிகுதியாக வாழும் தமிழகத்தில் இவ்வேறுபாடு ஏட்டோடு நிற்பதன்று. முதுமைக்கான ஏற்பாட்டை அண்டை வீட்டாரைப் பார்த்துச் செய்யாமல், ஆலிமையும் வழக்கறிஞரையும் கலந்து, இன்றைய சட்டநிலையை அறிந்து செய்வதே தக்கது.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. சொத்து சிதறாமல் இருக்க வேண்டும் என்று சொல்லி, மகன்களுக்கு மட்டும் பயன் எழுதி, மகள்களை விலக்கிய பத்திரங்களும் இருந்திருக்கின்றன. "சீர் கொடுத்துவிட்டோமே" என்று இன்றும் சில வீடுகளில் கேட்கும் பேச்சு அதன் எதிரொலியே. சீர் வாரிசுரிமைக்கு ஈடாகாது. அல்லாஹ் வகுத்த பங்கைப் பெற்றோரின் நல்லெண்ணமும் குறைக்க இயலாது.

வக்ஃபு, ஹிபா, மூன்றில் ஒரு பங்குக்குள் அமையும் வஸிய்யத் ஆகிய மூன்றுமே மார்க்கம் நமக்குத் தந்த வாயில்கள். அவற்றுள் எதைத் தேர்ந்தாலும், கையொப்பமிடும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தப் பத்திரம் நம் மகளுக்குத் திறக்கும் கதவா, அவளுக்கு எதிரே எழுப்பும் சுவரா? உமர் (ரலி) அவர்களும் ஸுபைர் (ரலி) அவர்களும் தத்தம் பத்திரத்தால் அதற்கு விடையளித்துச் சென்றார்கள்.