கைக்கெட்டும் படகு

1875ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24ஆம் நாள், இங்கிலாந்தின் டோவர் துறையில் மாத்யூ வெப் என்னும் கப்பல் தலைவர் உடலெங்கும் கடற்பன்றி நெய் பூசிக்கொண்டு கடலிற் குதித்தார். சொறிமீன் கொட்டியது, கரை கண்ணுக்குத் தெரிந்த பின்னும் எதிர்நீரோட்டம் அவரைப் பல மணி நேரம் அணுகவிடாது அலைக்கழித்தது. மறுநாள் முற்பகலில், 21 மணி 45 நிமிட நீச்சலுக்குப் பின், பிரான்சின் கலே கரையை அடைந்தார். மிதவை முதலிய துணைக்கருவி எதுவுமின்றி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல்வர் அவரே.

அக்காலத்தில் நீராவிக் கப்பல்கள் அக்கால்வாயை நாள்தோறும் கடந்துகொண்டிருந்தன. அக்கரை சேர்தலே நோக்கமாயின் பயணச்சீட்டு ஒன்று போதும். ஆயின் இவ்வருத்தத்தை மாந்தர் தேடிச் செல்வது எதன்பொருட்டு?

விடையின் ஒரு கூறு நீச்சல் விதியிலேயே உளது. 1927இல் தோன்றிய கால்வாய் நீச்சற் சங்கத்தின் விதிப்படி, நீந்துவோர் உடன்வரும் படகைத் தொடலாகாது. தொட்டால் முயற்சி முடிந்தது. உணவும் தொடாமலே பெறவேண்டும். எனவே, அடைக்கலம் எந்நேரமும் கைக்கெட்டும் தொலைவில் மிதந்துகொண்டிருக்க, அதனை ஒவ்வொரு கணமும் மறுத்தலே அந்நீச்சலின் உள்ளீடு. கடலை வெல்வதினும், கை நீட்டாதிருத்தலே அரிது.

நம் பாக்கு நீரிணைக்கும் இவ்வரலாறு உண்டு. தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இல் அதனை நீந்திக் கடந்தார். 1958இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த மிகிர் சென், 1966இல் இந்நீரிணையையும் கடந்து, அவ்வாண்டிலேயே ஜிப்ரால்டர் நீரிணையையும் நீந்தினார். ஈழத்தின் குமார் ஆனந்தன் 1971இல் இலங்கைக் கரையினின்று தமிழகக் கரைக்கு வந்து, மீண்டும் நீந்தியே திரும்பினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது 51 மணி நேரம்.

வென்றவர் அமைதியுற்றனரா? வெப்பின் புகழ் மங்கிற்று, பொருளும் கரைந்தது. 1883இல் நயாகரா அருவியின் கீழுள்ள நீர்ச்சுழியை நீந்த முயன்று அவர் மாண்டார். குமார் ஆனந்தன் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றது முதலிய அருஞ்செயல்கள் பல புரிந்து, 1984 ஆகஸ்டில் அதே ஆங்கிலக் கால்வாயில் நீந்துகையில் உயிர்நீத்தார். புகழும் பொருளும் ஓரளவே காரணம். தன் எல்லையை ஒருமுறை தொட்டவனுக்கு அவ்வெல்லை அங்கேயே நிற்பதில்லை. சற்று அப்பால் நகர்ந்து, மீண்டும் அழைக்கிறது. அவ்வழைப்புக்கு இணங்குதலில் பெருமையும் உண்டு, பேரிடரும் உண்டு.

ஆனந்தன் மறைந்ததற்கு முந்திய ஆண்டில், 1983இல், இலங்கையில் நிகழ்ந்த வன்செயலுக்குப் பின் தமிழர் பல்லாயிரவர் அதே பாக்கு நீரிணையைப் படகேறிக் கடக்கலாயினர். அவர்தம் துன்பத்திற்கு நேரக்கணக்கு எழுதியோர் இலர். மாலை சூட்டியோரும் இலர். கடல் ஒன்றே, ஆயினும் வருத்தங்கள் இரண்டு. நீச்சல் வீரன் விரும்பிய கணத்தில் கைவிடக்கூடியதைக் கைவிடாது தாங்கினான். ஏதிலிக்கோ கைவிடும் உரிமையே இல்லை; அவன் பற்றியிருந்த படகே அவனுக்கு எஞ்சிய ஒரே நிலம்.

வருத்தத்தைத் தேடிச் செல்லுதல், அதனின்று மீளும் வழி திறந்திருப்போர்க்கே வாய்க்கும் உரிமை. அவ்வுரிமையை உணர்ந்து நீந்துவோனே, அவ்வழியின்றித் தாங்கியோரின் ஆற்றலையும் அளந்தறிவான்.