செப்புக் காசின் மாசும் மதிப்பும்

செம்பிற் களிம்பு என்பது தமிழருக்குப் புதிய சொல்லன்று. உயிரை அநாதியாகப் பற்றி நிற்கும் ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் காட்டிய உவமை அது. பழங்காசுகளைத் தரம் பிரிப்போரும் அக்களிம்போடு ஓயாது போராடுகின்றனர். பொற்காசு கடலடியில் நூறாண்டு கிடந்தும் பொன்னாகவே மீள்கிறது. செப்புக் காசோ ஈரமான பெட்டியில் ஒரு மழைக்காலம் கிடந்தாலே முகம் மாறிவிடுகிறது. அந்த முகமாற்றத்துக்காக எவ்வளவு தரம் குறைப்பது என்பதில் நாணயவியலார் இன்றும் ஒருமனப்படவில்லை.

இவ்வினா கூர்மையடைந்தது அமெரிக்காவின் 'பெரிய சென்ட்' காசுகளை வைத்தே. 1793-ல் பிலடெல்பியா அக்கசாலையில் முதன்முதல் அச்சான இவை 1857 வரை வெளிவந்தன. தொடக்க ஆண்டுகளில் அங்கே செம்பு கிடைப்பதே அரிதாயிருந்தது. பழைய செப்புப் பாத்திரங்களும் தகடுகளும் விலைக்கு வாங்கி உருக்கப்பட்டன. அத்தகைய செம்பில் வெடிப்பும் குழியும் படல உரிவும் இயல்பாகவே அமைந்தன. பின்னர் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து மாத்யூ போல்டன் நேர்த்தியான செப்பு வில்லைகளை அனுப்பலானார். (மதராஸ் மாகாணத்துக்கு 1808-ல் 20 காசு நாணயம் அடித்து அனுப்பியதும் அவருடைய சோஹோ அக்கசாலையே.)

1949-ல் வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலறிஞர் இக்காசுகளைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். மனிதரை உடலமைப்பால் மூவகையாகப் பிரித்துப் பெயர் பெற்றவர் அவர். காசுகளை மட்டும் விட்டுவிடுவாரா? 1 முதல் 70 வரை எண்ணிட்டு ஓர் அளவுகோல் வகுத்தார். இன்ன காசு என்று அடையாளம் மட்டும் தெரியும்படி தேய்ந்ததற்கு 1. அச்சிட்ட நாளில் இருந்தபடியே குறையின்றி இருப்பதற்கு 70. அந்த எண்ணை அவ்வகைக் காசின் அடிப்படை விலையால் பெருக்கினால் சந்தை விலை கிடைக்கும் என்பது அவர் கணக்கு. விலைக் கணக்கு விரைவில் பொய்த்தது. எண்வரிசை மட்டும் நிலைத்து, இன்று பல நாட்டுக் காசுகளுக்கும் வழங்குகிறது.

ஆயின் அவ்வளவுகோல் தேய்மானத்தை அளக்கவே ஏற்றது. கைமாறிக் கைமாறித் தேய்வது காசின் முதுமை. கீறலும் அரிப்பும் அதற்கு நேர்ந்த விபத்து. சுதந்திர தேவியின் கூந்தல் இழைகள் தெளிவாகத் தெரியும் ஒரு காசு, மண்ணில் புதைந்திருந்து மேனியெல்லாம் புள்ளி புள்ளியாக அரித்திருந்தால், அதற்கு எந்த எண்ணை இடுவது?

1967-ல் தோன்றிய அமெரிக்கப் பழஞ்செப்புக் காசு ஆர்வலர் சங்கத்தார், குறைகளைக் கழித்து எஞ்சும் நிகரத் தரத்தைக் கூறுவர். உருவத் தெளிவுக்கு முதலில் 30 என்று எண்ணிட்டு, அரிப்புக்காகக் கழித்து 15 என்றோ 12 என்றோ முடிப்பர். எவ்வளவு கழிப்பது என்பதற்கு வாய்பாடு கிடையாது; கண்ணின் பயிற்சியே துணை. கன்னத்தில் விழுந்த கீறல், கூந்தலுக்குள் மறைந்த கீறலினும் கொடியது. அச்சாகும் முன்பே வில்லையில் இருந்த வெடிப்பைப் பிறவிக் குறை என்று ஓரளவு பொறுப்பர். பின்னால் விழுந்த குத்தையும் துளையையும் அவ்வளவு பொறுப்பதில்லை. எல்லாவற்றினும் இரங்கத்தக்கது மனிதன் நல்லெண்ணத்தோடு செய்யும் கேடு. வீட்டுக் குடத்தைப் புளியிட்டு விளக்குவது போலக் காசையும் துலக்கிவிடுகிறார்கள்! நெடுங்காலமாகப் படிந்த பழுப்புப் படலம் போய்விட்டால், அடியில் தெரியும் வெளிர்சிவப்பு தேர்ந்த கண்ணை ஏமாற்றாது.

பச்சைக் களிம்பிலும் வேறுபாடு உண்டு. நிலைத்துவிட்ட களிம்பு அழகைக் கெடுப்பதோடு நிற்கும். குளோரைடு உப்பு கலந்ததோ, ஈரம் பட்டபோதெல்லாம் அமிலம் சுரந்து மேலும் மேலும் காசைத் தின்னும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரமிகு நாடுகளில் செப்புக் காசு வைத்திருப்போர் அஞ்ச வேண்டியது இதற்கே.

1986-லும் 1987-லும் அமெரிக்காவில் தோன்றிய இரு பெரிய தரநிர்ணய நிறுவனங்கள் காசைப் பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டு எண் கொடுக்கின்றன. செப்புக் காசின் நிறத்தையும் சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு என மூன்றாகக் குறிக்கின்றன. குறை மிகுந்த காசுக்கு எண் இடாமல், தேய்மான நிலையோடு 'அரிப்பு' என்றோ 'துலக்கப்பட்டது' என்றோ எழுதிவிடுவது அவற்றின் வழக்கம். புதிதாக வாங்குவோர்க்கு இது நல்ல எச்சரிக்கை. எனினும் மிகுதியும் கடுமையுமான அரிப்புகள் ஒரே சொல்லில் அடங்கிவிடுவதால், சங்கத்தாரின் முறையே நுட்பமானது எனல் வேண்டும்.

விலையைக் குறைக்கும் அந்த மாசே காசுக்கு அடையாளமுமாகும். ஓர் அச்சில் பிறந்த இரு காசுகள் கீறலிலும் புள்ளியிலும் ஒத்திருப்பதில்லை. ஜார்ஜ் கிளாப் என்ற சேகரிப்பாளர் 1940-களில் தம் பெரிய சென்ட் திரட்டை நியூயார்க்கில் அமெரிக்க நாணயவியல் சங்கத்துக்கு ஈந்தார். அத்திரட்டை ஆராய வந்துபோன ஷெல்டன், உயர்ந்த காசுகளை எடுத்துக்கொண்டு அதே வகையில் தாழ்ந்த காசுகளை அவ்விடத்தில் வைத்துவிட்டார் என்பது, 1977-ல் அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. பழைய ஒளிப்படங்களில் பதிந்திருந்த குறைகள், ஷெல்டனின் திரட்டை விலைக்கு வாங்கியிருந்த சேகரிப்பாளர் ஒருவரின் காசுகளில் அப்படியே காணப்பட்டன. வழக்குக்குரிய காலம் கடந்துவிட்டது என்று அவர் வாதிட்டார். களவு போன பொருள் யாரிடம் உள்ளது என்று உடையவர் அறிந்த நாளிலிருந்தே காலக்கெடு தொடங்கும் எனக் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது.