குழந்தைகள் அறிவியல் மாநாட்டு மதிப்பீட்டாளர்

குழந்தைகள் அறிவியல் மாநாட்டு மதிப்பீட்டாளர் என்பவர், தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் மாணவர்கள் முன்வைக்கும் ஆய்வுகளைத் தன்னார்வமாக மதிப்பிடும் நடுவர் ஆவார். கல்லூரி ஆசிரியர்கள், அறிவியலாளர்கள், துறை வல்லுநர்கள் ஆகியோர் இப்பணியை மேற்கொள்கின்றனர்.

பின்னணி

இம்மாநாடு 1993 ஆம் ஆண்டு முதல் இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவுடன் தேசிய அளவில் நடத்தப்பட்டு வந்துள்ளது. தமிழ்நாட்டில் இதனைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைத்து வந்துள்ளது. 10 முதல் 17 வயது வரையுள்ள சிறுவர்கள், ஒரு வழிகாட்டியின் துணையுடன் தம் ஊரின் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து அறிக்கை அளிப்பர். மையக்கருப்பொருள் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். 2004-2005 இல் நீர்வளமும், 2010-2011 இல் நிலவளமும், 2012-2013 இல் ஆற்றலும் கருப்பொருளாக அமைந்தன. மாவட்ட அளவில் தேர்வு பெறும் ஆய்வுகள் மாநில மாநாட்டிற்கும், அங்கிருந்து தேசிய மாநாட்டிற்கும் செல்லும்.

மதிப்பீட்டு முறை

இது அறிவியல் கண்காட்சியிலிருந்து வேறுபட்டது. கண்காட்சியில் பெரும்பாலும் மாதிரிகள் கவனம் பெறும். இங்கு ஆய்வு நடந்த விதமே முதன்மையானது. கருத்தின் புதுமை, கருப்பொருளுடனான தொடர்பு, தரவு திரட்டிய முறை, பகுப்பாய்வு, தீர்வுக்கான முயற்சி, குழுப்பணி, வாய்மொழி விளக்கம் ஆகியவை அளவுகோல்களுள் அடங்கும். மாணவர் தம் தாய்மொழியிலேயே பேசலாம். ஆங்கில அறிவு அளவுகோல் அன்று.

மாவட்ட அளவில் மாணவரின் பின்னணியும் கருத்தில் கொள்ளப்படுகிறது. ஆய்வகமும் கணினியும் உள்ள நகரப் பள்ளி மாணவரையும், அவை இல்லாத சிற்றூர் மாணவரையும் அச்சிட்ட வரைபடங்களின் அழகைக் கொண்டு ஒப்பிடுவது முறையன்று என்பதே இதன் அடிப்படை.

மதுரைப் பகுதி

மதுரைச் சமவெளியில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும். 1895 இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் மேலூர்ப் பகுதி வயல்களுக்குக் கால்வாய் வழியே வருகிறது. உசிலம்பட்டிப் பகுதியில் பெருமளவு மானாவாரி வேளாண்மையே நடைபெறுகிறது. மதுரை நகரிலோ வண்டியூர், மாடக்குளம் போன்ற கண்மாய்களைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகியுள்ளன. எனவே நீர் குறித்த ஒரே வினாவிற்கு மூன்று இடங்களிலும் வெவ்வேறு விடைகள் கிடைக்கும். ஊரை அறிந்த மதிப்பீட்டாளர், கிடைத்த விடை நூலில் உள்ளதுபோல் இல்லை என்பதற்காக அதனைத் தள்ளிவிடமாட்டார்.

கேள்வி கேட்டல்

ஆய்வு மாணவருடையதா, பெரியவர்கள் செய்து கொடுத்ததா என்று கண்டறிவதே மதிப்பீட்டாளரின் கடினமான பணியாகும். கண்மாய் நீரைச் சோதித்ததாகக் கூறும் மாணவரிடம், நீரை எந்த இடத்தில் எடுத்தீர்கள், எத்தனை முறை எடுத்தீர்கள், கரையோரத்திலும் நடுவிலும் ஒரே அளவு வந்ததா என்று கேட்கலாம். தாமே அளந்தவர், தடுமாறினாலும் தாம் கண்டதைச் சொல்வார். மனப்பாடம் செய்தவர் அறிக்கையின் வாக்கியங்களுக்கே திரும்புவார். எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்று ஒளிக்காமல் கூறும் ஆய்வைக் குறையுடையதாகக் கருதலாகாது.

தாம் வழிகாட்டிய குழுவையோ தம் பள்ளி மாணவரையோ மதிப்பிடாமல் விலகுவது நடுவர் நெறியாகும். பெரும்பாலான குழுக்கள் மாவட்ட அளவுடன் நின்றுவிடுவதால், பல மாணவர்களுக்கு இம்மதிப்பீட்டாளரே தம் ஆய்வைப் பற்றிப் பேசும் முதல் அறிவியலாளராகவும் அமையக்கூடும். ஆகவே மதிப்பெண் இடுவதுடன், அடுத்து எதனை அளந்து பார்க்கலாம் என்று சொல்லி அனுப்புவதும் இப்பணியின் பகுதியாகும்.