சம்பங்கிக் கிழங்கின் சரித்திரம்

துலிப் மலரைத் தர்மபுரிச் சீமையின் பென்னாகரத்து வீட்டுத் தோட்டத்தில் பூக்க வைக்கலாமா என்று ஆவலோடு கேட்பவர்கள் இந்நாளில் பெருகியிருக்கிறார்கள். படங்களில் கண்ட அதன் வர்ண விசித்திரமே அந்த ஆவலுக்குக் காரணம் என்பதில் ஐயமில்லை. பூக்க வைக்கலாம், ஆனால் அக்கிழங்கு 9 டிகிரிக்கும் குறைந்த குளிரில் ஏறக்குறைய 12 வாரங்கள் உறங்கி எழுந்தாலன்றித் தண்டை நீட்டாத சுபாவம் உடையதாகையால், மார்கழி விடியலிலும் ஒரு போர்வைக்கு மேல் வேண்டாத இந்த மேட்டு நிலத்தில், குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்தே அதைப் பருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவ்வளவு பாடுபட்டும், இங்கே ஒரு முறை பூத்த கிழங்கு மறுவருஷத்துக்கு உதவுவது அரிது. ஸ்ரீநகரில் ஜபர்வான் மலையடிவாரத்தில், தால் ஏரியைப் பார்த்தபடி, 2007ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தோட்டத்தில் சுமார் 30 ஹெக்டேர் பரப்பில் துலிப் பூத்துக் குலுங்குகிறதென்றால், அங்கே குளிரூட்டும் வேலையைப் பனிக்காலம் இனாமாகச் செய்து கொடுத்துவிடுகிறது என்பதே அதன் ரகசியம்.

பென்னாகரத்துப் புறக்கடைகளில் கிழங்கிலிருந்து பூக்கும் மலர் வேறு. துணி துவைக்கும் கல்லுக்குச் சற்றுத் தள்ளி, வாழையின் நிழல் விழாத ஓரத்தில், பார்த்தால் கோரைப்புல் என்றே தோன்றும்படி நீண்ட இலைகளோடு நிற்கும் நிலச்சம்பங்கி, மாலையில் மணம் வீசத் தொடங்கும் வரையில் எவர் கண்ணையும் கவர்வதில்லை. இதை நம் முன்னோர் ஆதிகாலம் முதல் வளர்த்து வந்ததாகவே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் இதன் பிறப்பிடம் மெக்ஸிகோ. இது நம் தேசத்துக்கு வந்து நானூறு வருஷம் ஆகியிருந்தால் அதிகம். தர்மபுரிச் சீமையில் வேலியோரம் முள் நீட்டி நிற்கும் ரயில் கற்றாழையும் அதே தேசத்திலிருந்து வந்ததுதான் என்பதோடு, இவ்விரண்டும் ஒரே குலம் என்று தாவர சாஸ்திரிகள் இப்போது தீர்மானித்து, சம்பங்கியையும் கற்றாழைப் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள் என்பது கேட்பவர்க்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கும்.

இனி, துலிப்பின் கதையும் சம்பங்கியின் கதையும் ஒரே மனிதரின் கையில் வந்து கூடுகின்றன என்பதே இச்சரித்திரத்தின் விசேஷம். கரோலஸ் க்ளூசியஸ் என்ற அப்பண்டிதர் 1526இல் பிறந்தவர். கோவாவில் வைத்தியம் செய்து வந்த கார்சியா த ஓர்தா என்ற போர்ச்சுகீசியர் இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றி எழுதி 1563இல் அங்கேயே அச்சிட்ட நூலை, நான்கே ஆண்டுகளில் லத்தீனில் சுருக்கி ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியவர். வியன்னாவில் சக்கரவர்த்தியின் தோட்டத்தை நிர்வகித்த காலத்தில், துருக்கி சுல்தானின் சபைக்குத் தூது சென்ற புஸ்பெக் என்பவரிடமிருந்து துலிப் விதைகளையும் கிழங்குகளையும் பெற்றவர். 1593இல் ஹாலந்து தேசத்து லெய்டன் சர்வகலாசாலைத் தோட்டத்துக்கு அவர் அதிகாரியாக வந்து சேர்ந்தபோது அந்தக் கிழங்குகளும் கூடவே வந்தன. அவர் அவற்றை லேசில் யாருக்கும் கொடுக்காததால் இரவில் சிலர் சுவரேறித் திருடிப் போனார்கள் என்பது ஒரு பழைய கதை. அதே காலத்தில்தான், ஸ்பெயின் தேசத்து செவில் நகரில் மருத்துவராக இருந்த சிமோன் த தோவார், அமெரிக்கக் கப்பல்களில் வந்த சம்பங்கிக் கிழங்கைத் தம் தோட்டத்தில் வளர்த்து வடதேசத்து நண்பர்களுக்கு அனுப்பினார். 1601இல் வெளிவந்த தமது அரிய செடிகளின் வரலாற்று நூலில் க்ளூசியஸ் அதற்கும் ஓர் இடம் தந்தார்.

இரு கிழங்குகளில் ஒன்றின் மேல் மட்டும் ஹாலந்து பைத்தியம் பிடித்து அலைந்தது. நிறம் சிதறிக் கோடுகளாகப் படர்ந்த துலிப் ஒன்றின் கிழங்கு, ஆம்ஸ்டர்டாமில் ஒரு நல்ல வீட்டின் கிரயத்துக்குப் பேசப்பட்டது; மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைக் கண்ணால் பாராமலே சாராயக் கடைகளில் கைமாற்றினார்கள்; 1637 பிப்ரவரியில் ஹார்லெம் நகரத்து ஏலத்தில் கேட்பாரில்லாமல் போகவே அத்தனையும் சரிந்தது. அந்தக் கோடுகள் ஒரு நச்சுயிரி செய்த கோலம் என்பதும், அதைச் செடிக்குச் செடி கொண்டு சேர்த்தது அசுவினிப் பூச்சி என்பதும் இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயின. நோயுற்ற கிழங்கு பல்கிப் பெருகாது, பெருகாதது அருமையாயிற்று, அருமையானது சூதாட்டப் பொருளாயிற்று. சம்பங்கியோ நட்ட ஒரு கிழங்கைச் சுற்றி இரண்டு மூன்று வருஷத்தில் ஒரு கூடைக்குக் குட்டிகளை ஈன்றுவிடும். இத்தனை தாராளமான பொருளை வைத்து எவனும் சூதாட முடியாது. பிரான்ஸ் தேசத்துப் பதினான்காம் லூயி மன்னன் தன் திரியானோன் மாளிகைத் தோட்டத்தில் இதை ஆயிரக்கணக்கில் நட்டு வைத்தபோதும், விருந்தாளிகள் மணம் தாங்காமல் எழுந்து போனார்கள் என்ற பேர்தான் மிஞ்சிற்று.

கீழ்த்திசைக்கு இக்கிழங்கு கப்பல் ஏறி வந்தது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் மெக்ஸிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஆண்டுதோறும் ஓடின. கோவாவிலும் நாகப்பட்டினத்திலும் போர்ச்சுகீசியர் இருந்தனர். அவர்களை விரட்டி 1658இல் நாகப்பட்டினத்தைக் கைக்கொண்ட டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலிருந்து ஜாவா வரையில் பண்டகசாலைகள் வைத்திருந்தார்கள். அம்போயினாத் தீவில் வாழ்ந்து, பார்வை இழந்த பிறகும் அத்தீவுகளின் செடிகளைப் பற்றிப் பெருநூல் எழுதி முடித்த ரம்ஃபியஸ், சம்பங்கி 1674இல் ஜாவாவின் பத்தாவியா நகரிலிருந்து அத்தீவுக்கு வந்ததாகக் குறித்திருக்கிறார். ஈரக்காற்றில் விதை கெடும், நாற்று வாடும். உலர்ந்த கிழங்கோ மாலுமியின் பெட்டியில் மாதக்கணக்கில் கிடந்தாலும் கவலையில்லை. பட்டாளமும் பாதிரியும் போகாத கிராமங்களுக்கும் இப்புஷ்பம் சென்றதற்கு, முந்தானையில் நாலு கிழங்கு முடிந்து கொண்டு பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குப் போன பெண்களையன்றி வேறு யாரையும் காரணமாகச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து தர்மபுரி அடங்கிய பாரமகால் சீமை கும்பினியார் கைக்கு வந்ததும், அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் ஊர் ஊராகச் சென்று நிலத்தை அளந்தார்கள். தர்மபுரியில் தங்கிய அந்த ஏழு வருஷத்தில் தமக்கென ஒரு தோட்டம் அமைத்துக் கொண்ட மன்றோ, 1799இல் அதை விட்டுப் பிரிந்தபோது அடைந்த ஏக்கத்தைக் கடிதங்களில் எழுதியிருக்கிறார். தோட்டம் போட்டவர்க்கே அது புரியும். நஞ்சை, புஞ்சை என்று கணக்கெழுதியவர்கள் கேழ்வரகையும் எள்ளையும் எழுதினார்களேயன்றி, புறக்கடையில் நாலு கிழங்கு ஊன்றியதைக் கணக்கில் ஏற்றிய கர்ணம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வீட்டுப் பூவின் சரித்திரம் இப்படித்தான் எழுதப்படாமலே போகிறது.

வளர்க்கும் முறையோ மிக எளிது. தோண்டி எடுத்த கிழங்குகளை மண் உதறி, நிழலில் மூன்று நான்கு வாரம் பரப்பி ஆறவிட வேண்டும். பழுப்புச் சருகு போர்த்திய அந்தக் கொத்தைக் கையால் பிரித்து, சின்ன வெங்காயத்திற்குச் சற்றே பருத்த, 25 முதல் 30 கிராம் எடையுள்ளவற்றை மட்டும் பொறுக்கி, ஆனி ஆடியில் முளை மேல் நோக்க இரண்டு மூன்று விரற்கடை ஆழத்தில் ஊன்ற வேண்டும். செம்மண்ணுக்கு மக்கிய தொழுவுரம் போதும். தண்ணீர் வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது. சமையலறைக் கழிவுநீர் நேரே வந்து நிற்கும் குழியில் நட்டவர்கள் அழுகிய கிழங்கைத்தான் எடுத்தார்கள். மூன்று மாதத்தில் தண்டு எழும். அடியிலிருந்து நுனி நோக்கி நாளுக்கு ஓரிரண்டு மொட்டாக மலரும். அந்தி சாய்ந்த பின் மணம் மிகுவது, நெடிய தும்பிக்கையுள்ள இரவு அந்துப்பூச்சிகளை அழைப்பதற்கே. பறிப்பவர்கள் வெயில் ஏறுமுன் பறித்துவிட வேண்டும்.

வீட்டுப் பூ வயலுக்குப் போனது மாலைக் கட்டுக்காகத்தான். தலையில் சூட மல்லிகையும் முல்லையும் கனகாம்பரமும் இருக்க, கல்யாண மாலைக்கும் சுவாமி மாலைக்கும் நீண்ட காம்போடு ஊசியில் கோக்க வாகாக அமைந்தது சம்பங்கி. கிணற்றுப் பாசனமும் பேருந்தும் வந்த பிறகு, பென்னாகரம், பாப்பாரப்பட்டிப் பக்கத்துக் குடியானவர்கள் விடியற்காலையில் பறித்த பூவை மூட்டை கட்டித் தர்மபுரிச் சந்தைக்கு அனுப்பத் தலைப்பட்டார்கள். ஆவணி முகூர்த்தத்தில் ஏறும் விலை மார்கழியில் இறங்கிவிடும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆசாரம் பார்ப்பதில் பெயர் போன நம் சமூகம், மெக்ஸிகோவில் பிறந்த இப்பூவைப் பெருமாளின் தோளில் ஏற்றத் தயங்கவில்லை என்பது கவனிக்கத் தக்கது. எந்த ஆகமத்திலும் இதற்கு விதி இருந்திருக்க முடியாது. வெண்மையும் மணமுமே பிரமாணமாயின. மிளகாயைச் சமையலில் ஏற்றுக்கொண்டும் சிராத்தத்தில் விலக்கி மிளகையே பயன்படுத்தியவர்கள், சம்பங்கி விஷயத்தில் அந்த வித்தியாசம்கூடப் பாராட்டவில்லை என்பது என்னை வியக்க வைக்கிறது.

பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஒற்றை இதழ்ச் சம்பங்கியையும் அடுக்கு இதழ்ச் சம்பங்கியையும் கலந்து சிருங்கார் என்ற ரகத்தையும், அதை மெக்ஸிகோ ஒற்றையோடு மீண்டும் கலந்து பிரஜ்வல் என்ற ரகத்தையும் உண்டாக்கியது. மொட்டில் இளஞ்சிவப்புச் சாயல் ஓடும் பிரஜ்வல், விளைச்சலுக்காகவும் பூவின் கனத்துக்காகவும் வயல்களைப் பிடித்துக்கொண்டது. பூஞ்சாடிக்கு அழகான அடுக்குச் சம்பங்கியை வீட்டில் வைப்பதை நான் சிலாக்கியமாகச் சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் அது பாதி விரிந்த நிலையிலேயே நின்றுவிடும், மணமும் ஒற்றையை எட்டாது. புது ரகத்தின் கிழங்கைக் கிலோக் கணக்கில் காசு கொடுத்து வாங்க வேண்டும். பழைய ஒற்றைச் சம்பங்கிக்கு அந்தச் செலவில்லை. வைகாசியில் இலை மஞ்சளித்து, அடுத்த வீட்டார் புதரைப் பிரிக்கக் களைக்கொத்தை எடுக்கும் சமயம் பார்த்துப் போய்க் கேட்டால், வேண்டுமட்டும் அள்ளிக் கொடுத்து விடுவார்கள்.