மரத்துக்கும் நாள் கொடுக்க வேண்டும்

வீடு கட்டுகிறவர்கள் யோசனை கேட்டு வந்தால், "கதவுக்கு மரம் வாங்கியாகிவிட்டதா?" என்றுதான் முதலில் கேட்பேன். "அஸ்திவாரமே போடவில்லை, கதவுக்கு என்ன அவசரம் சார்?" என்று சிரிப்பார்கள். அந்த அவசரத்துக்குப் பின்னால் கொஞ்சம் சரித்திரமும், நான் செய்த ஒரு தவறும் இருக்கின்றன.

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளின் நிலைவாசலையும் தூண்களையும் பார்த்திருப்பீர்கள். பலவும் பர்மா தேக்கு. பர்மாவில் தேக்கை உடனே வெட்டிச் சாய்க்கமாட்டார்கள். அடிமரத்தில் பட்டையையும் அதற்குள் இருக்கும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டு காயவிடுவார்கள். காரணம் எளிது: பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. காய்ந்தபின் வெட்டி, யானைகளைக் கொண்டு ஓடைக்கு இழுத்து, மழை வெள்ளத்தில் ஐராவதி ஆற்றில் சேர்த்து, ரங்கூன் வரை மிதக்கவிடுவார்கள். அங்கே அறுபட்டுக் கப்பலேறி நம் ஊருக்கு வருவதற்குள் அந்த மரத்துக்கு வயது கூடி, ஈரம் குறைந்திருக்கும். அவசரக்காரர் வாங்கினாலும், காத்திருக்கும் வேலையைக் காடும் ஆறும் முன்பே முடித்துக் கொடுத்திருந்தன.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா மரம் வருவது நின்றது. போருக்குப் பின் மறுபடி வந்தாலும் பழைய தாராளம் இல்லை. உள்ளூர்த் தேக்கும் வேங்கையும் வேம்பும் அந்த இடத்துக்கு வந்தன. நல்ல மரங்கள்தான். ஆனால் வெட்டிய கையோடு மர வாடிக்கு வந்து, வாடியிலிருந்து நேரே ஆசாரியின் பட்டறைக்குப் போயின. காய வேண்டிய காலத்தை நாம் யாருமே கணக்கில் சேர்க்கவில்லை.

நானும் சேர்க்கவில்லை. 1979-ல் 24 ஊழியர் குடியிருப்புகள் கட்டும் வேலை என் பொறுப்பில் இருந்தது. சுவர் எழும்பி, கூரை போட்டு, பூச்சு ஆரம்பித்த பிறகுதான் கதவுக்கு ஆர்டர் கொடுத்தேன். அதுவும் வரைபடத்தில் இருந்த அளவுப்படி. நிலைகளை ஒவ்வொன்றாக அளந்து பார்க்கவில்லை. ஐப்பசி மழையில் நனைந்த பச்சை மரம் வந்தது. தை மாதம் கதவு மாட்டினோம். சில கதவுகளை இழைத்து இழைத்துத்தான் நிலைக்குள் நுழைக்க முடிந்தது. பங்குனி வெயில் வந்ததும் அதே கதவுகள் சுருங்கி, விரல் நுழையும் இடைவெளி விட்டன. சில கோணிக்கொண்டு தாழ்ப்பாளே சேரவில்லை.

எல்லாவற்றையும் கழற்றினோம். சித்திரையில் கொடுக்க வேண்டிய வீடுகளை ஆவணியில்தான் கொடுத்தோம். கடைநிலை ஊழியர் ஒருவர், மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும் என்று காத்திருந்தவர், பொறுக்க முடியாமல் கதவில்லாத வீட்டுக்கே குடி வந்துவிட்டார். வாசலில் சாக்கைத் தொங்கவிட்டிருந்தார். அந்தச் சாக்குக்குப் பின்னாலிருந்து பச்சைக் குழந்தையின் அழுகை கேட்டபோது, எனக்கு நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

அப்போது அங்கே வேலை செய்த வயதான ஆசாரி சொன்னார்: "தம்பி, கான்கிரீட்டுக்கு 28 நாள் கணக்கு வெச்சிருக்கீங்க. மரத்துக்கு ஒரு நாள்கூட வைக்கலையே!"

அதன்பிறகு என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். அஸ்திவாரம் தோண்டும்போதே மரம் வாங்கி, அறுத்து, தரையில் படாமல் கட்டை கொடுத்து, பலகைகளுக்கு நடுவே காற்றுப் போக இடம்விட்டு, நிழலில் அடுக்கச் சொல்வேன். சுவர் எழும்பும் மாதங்களில் மரம் தானாகக் காயும். பூச்சும் தரையும் முடிந்தபின் ஒவ்வொரு நிலையையும் அளந்து, எண் போட்டு, அந்த எண்ணையே கதவிலும் எழுதுவோம். கீல், பூட்டு, தாழ்ப்பாள் எல்லாம் கைக்கு வந்து சேராமல் கதவில் உளி வைக்க விடமாட்டேன். கடைசியில் ஒரு கீலுக்காக ஒரு வாரம் நின்றுபோன வேலைகளைப் பார்த்தவன் நான்.

இப்போது பிளைவுட் அலமாரியும் தொழிற்சாலைக் கதவும் வந்துவிட்டன. மரம் காயக் காத்திருப்பது குறைந்திருக்கிறது. ஆனால் சமையலறை அலமாரிக்கு டைல்ஸ் ஒட்டும் முன்பே அளவு கொடுத்துவிட்டு, பிறகு அரை அங்குலத்துக்காக மல்லுக்கட்டுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். குழாயும் ஸ்விட்சும் எங்கே வரும் என்று முடிவு செய்யாமலே ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு தச்சரைத் திட்டுகிறார்கள்.

தச்சு வேலைக்கு வேண்டிய நாளை முன்னால் கொடுத்தால் அது கண்ணுக்கே தெரியாது. கொடுக்காமல் விட்டால், குடி போகிற நேரத்தில் வட்டியோடு வாங்கிக்கொள்ளும். அந்த வட்டியை எனக்காக ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் கட்டினாள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.