தென்கோடியில் ஒரு நூறாண்டுப் போர்

ஐரோப்பிய சரித்திரம் படித்தவர்களுக்கு ‘நூறாண்டுப் போர்’ என்னும் பெயர் புதிதன்று. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே 1337இல் தொடங்கி 1453இல் முடிந்ததாகக் கொள்ளப்படும் அப்போர், கணக்கிட்டால் 116 ஆண்டுக் காலத்தது. கிரெஸி (1346), புவாத்தியே (1356), அஜின்கோர்ட் (1415) ஆகிய களங்களில் ஆங்கில வில்லாளர் பெருவெற்றி கண்டனர். 1429இல் ஜோன் என்னும் இளநங்கை முன்னின்று ஓர்லியான் நகரத்து முற்றுகையை அகற்றியபின் நிலைமை தலைகீழாயிற்று. 1453இல் காஸ்டியோன் களத்தில் பிரெஞ்சுப் பீரங்கிகளின் முன் ஆங்கிலப் படை நிற்கமாட்டாது அழிந்தது. இடையிடையே ஆண்டுக்கணக்கில் போர் ஓய்ந்திருந்ததும் உண்டு. அக்களங்களில் நின்ற எவரும் தாம் ‘நூறாண்டுப் போர்’ செய்வதாக அறிந்திலர். அது 19ஆம் நூற்றாண்டுச் சரித்திர ஆசிரியர்களால் நிலைபெற்ற பெயர்.

நம் நாட்டுத் தென்கோடியில் நிகழ்ந்த போர் வரிசை ஒன்றுக்கும் ஓர் அறிஞர் இதே பெயரை இட்டிருக்கிறார். கேரள சரித்திர ஆசிரியர் இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை (1904–1973), சோழருக்கும் சேரப் பெருமாக்களுக்கும் இடையே 11ஆம் நூற்றாண்டில் நடந்த போர்களை நூறாண்டுப் போர் என்றே அழைத்தார். அதன் தென்களம் எது என்று கேட்கலாம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் நோக்கி ரயிலில் செல்வோர் குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்லும் நிலப்பகுதியே அது. நெய்யாறு கடலோடு கலக்கும் பூவாற்றுக்கு அண்மையில் திருப்புறம் என்னும் ஊர் உள்ளது. எமது தாய்வழிச் சுற்றத்தார் வாழ்ந்த ஊர் அது. அங்கிருந்து வடமேற்கே கடற்கரையில் விழிஞம். தென்கிழக்கே முஞ்சிறையை அடுத்துப் பார்த்திவபுரம். ஒன்று துறைமுகக் கோட்டை. மற்றொன்று கல்விச்சாலை இருந்த இடம். இவ்விரண்டையும் அறிந்தால் போரின் காரணம் பாதி விளங்கிவிடும்.

முதலில் விழிஞத்தைக் காண்போம். சோழர் வருமுன் இந்நாடு ஆய் மன்னருக்கு உரியதாய் இருந்தது. கிழக்கே பாண்டியர், வடக்கே சேரர் என இரு பேரரசுகளுக்கு இடையே ஆய்நாடு சிக்கியிருந்தது. 8ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பாண்டியன் நெடுஞ்சடையன் விழிஞத்தைத் தாக்கி அழித்தான் என்று அவனுடைய 17ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு கூறுகிறது. மலைநாட்டுச் சடையன் கருநந்தன்மேல் அவன் படையெடுத்ததைக் கழுகுமலைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. சிறிது காலத்துக்குள் சேரமான் படையும் விழிஞத்துக் கோட்டைமேல் வந்தது. சிறு துறைமுகம் ஒன்றுக்காக இத்தனை போர் ஏன்? மேற்கடல் வாணிகம் செய்த கலங்கள் கரையணையும் இடம் அது. மிளகும் ஏனைய மலைபடு பொருள்களும் ஏற்றுமதியாகும் வழி அது. அத்துறையைக் கைக்கொண்டவன் சுங்கத்தையும் கைக்கொண்டான். நாட்டு எல்லையைவிடத் துறைமுகமே அன்று பெரிதாக மதிக்கப்பட்டது.

இனிப் பார்த்திவபுரம். கி.பி. 866ஐ ஒட்டி ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, 95 மாணாக்கர் தங்கிப் பயில ஒரு சாலையும் நிறுவினான். அம்மாணாக்கரைச் ‘சட்டர்’ என்று செப்பேடு குறிக்கிறது. அவர்களில் 45 பேர் ஒரு வேதப் பிரிவினர். 36 பேர் மற்றொரு பிரிவினர். 14 பேர் மூன்றாம் பிரிவினர். இலக்கணமும் மூவரசர் நாட்டு வழக்குமுறைகளும் அறிந்தவரே சேரத்தக்கவர் என்றும், தவறு செய்தவர்க்குத் தண்டம் இன்னதென்றும் விதிகள் வகுக்கப்பட்டன. இவ்விதிகளுக்கெல்லாம் முன்மாதிரி எதுவெனில், காந்தளூர்ச் சாலை. அச்சாலையின் மரியாதைப்படியே இச்சாலையும் நடைபெற வேண்டும் என்பது மன்னன் ஆணை. காந்தளூர் திருவனந்தபுரத்து வலியசாலைப் பகுதியே என்பர் ஒருசாரார். அங்குள்ள சிவன் கோயில் இன்றும் காந்தளூர் என்னும் பெயரைத் தாங்குகிறது. வேறு சிலர் விழிஞத்தை ஒட்டித் தேடுவர். எவ்வாறாயினும் இக்கரையோரத்திலேயே அது இருந்தது.

இனிப் போரில் எதிர்நின்ற இரு குலத்தாரின் உறவைக் காண்போம். சோழரும் சேரரும் பிறவிப் பகைவர் அல்லர். முதற் பராந்தகன் (907–955) சேர மன்னன் மகளை மணந்தவன். அவன் மகன் இராசாதித்தனுடைய படையில் வெள்ளன் குமரன் என்னும் மலைநாட்டான் தலைவனாக இருந்தான். தென்னார்க்காட்டுக் கிராமம் என்னும் ஊரில் சிவபெருமானுக்குக் கற்றளி எடுத்தான். 949இல் தக்கோலப் போரில் இராசாதித்தன் யானைமேலிருந்தபடியே மாண்டான். அப்போது அவனுடன் உயிர்விட இயலாமற் போன வருத்தத்தால் துறவு பூண்டு, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் வாழ்ந்தவர் ஒருவர் உண்டு. அவர் இவ்வெள்ளன் குமரனே என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். சோழ இளவரசனுக்காக ஒரு மலைநாட்டு வீரன் வாழ்நாள் முழுவதும் துக்கம் காத்த காலம் அது.

அந்த உறவு இரு தலைமுறைக்குள் முறிந்தது. பாண்டியரும் சேரரும் கைகோத்துக்கொண்டால் தெற்கே தனக்கு நிலையில்லை என்பதை 985இல் அரியணை ஏறிய முதல் இராசராசன் நன்குணர்ந்தான். ஆட்சியின் 4ஆம் ஆண்டு முதற்கொண்டே ‘காந்தளூர்ச் சாலை கலமறுத்தவன்’ என்னும் விருது அவன் கல்வெட்டுக்களில் வரத் தொடங்குகிறது. பாண்டியன் அமரபுசங்கனைப் பிடித்தபின் சோழர் படைத்தலைவன், கடலே அகழியாய் அமைந்த விழிஞத்தைக் கைப்பற்றினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு பாராட்டுகிறது. தன் தூதனை அவமதித்த குற்றத்துக்காக மலைநாட்டு உதகையை இராசராசன் எரித்த செய்தியைப் பிற்காலப் புலவர் விடாது பாடினர். சேரமானையும் பாண்டியரையும் மலைநாட்டில் வென்று கொணர்ந்த பொருளிலிருந்து தஞ்சைப் பெருங்கோயிலுக்கு அணிகலன்கள் வழங்கப்பட்டன. வெற்றிக்குப்பின் ஊர்ப்பெயர்களும் மாறின. கோட்டாறு மும்முடிச்சோழன் பெயரைப் பெற்றது. விழிஞம் இராசேந்திர சோழப் பட்டினமாயிற்று.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எம் போன்றோர் சற்றே நின்றுவிடுகிறோம். ‘கலமறுத்தல்’ என்பதன் பொருள் யாது? கலம் என்பது மரக்கலம் எனக் கொண்டால், காந்தளூர்த் துறையில் நின்ற சேரர் கப்பல்களை அழித்தான் என்று பொருள்படும். அது கடற்போர் வெற்றி. உண்கலம் எனக் கொண்டால், சாலையில் சட்டர்க்கு அளித்துவந்த ஊட்டை நிறுத்தினான் என்றாகும். அது ஒரு கல்வி நிலையத்தின்மேல் விழுந்த அடி. பார்த்திவபுரச் செப்பேட்டில் மாணாக்கர்க்குரிய இடமே கலம் என்று சுட்டப்படுவதைச் சில அறிஞர் எடுத்துக்காட்டுவர். அறுத்தல் என்பதற்கு வரையறுத்தல் என்ற பொருளும் உண்டு ஆதலால், சாலைச் செலவை ஒழுங்குபடுத்தினான் என்று கூறுவாரும் உளர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதை ஆராய்ந்து 1939இல் ‘காந்தளூர்ச் சாலை’ என ஒரு நூலே எழுதினார். ஒரு சொல்லைக் கப்பல் என்று பெயர்த்தால் கடற்படை தோன்றுகிறது. கிண்ணம் என்று பெயர்த்தால் பசித்த மாணாக்கர் தோன்றுகின்றனர். சரித்திரம் சில வேளை இத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. முதல் இராசாதிராசன் வேணாட்டரசனைக் கொன்று, கூபகத்தரசனை அடக்கி, காந்தளூர்ச் சாலையில் கலமறுத்ததாகக் கூறிக்கொள்கிறான். முதற் குலோத்துங்கனும் (1070–1122) சாலையையும் விழிஞத்தையும் வென்றதாகவும், கோட்டாற்றை எரித்ததாகவும் பாடப்பெறுகிறான். ஒருமுறை அறுத்த கலத்தைப் பின்வந்தோர் மீண்டும் மீண்டும் அறுக்க வேண்டியது ஏன்? ஒன்று, தோற்றவர் ஒவ்வொரு முறையும் தலையெடுத்திருத்தல் வேண்டும். அன்றேல், முன்னோர் விருதைப் பின்னோர் மரபாகச் சூடிக்கொண்டிருத்தல் வேண்டும். இரண்டும் கலந்ததே உண்மையாக இருக்கலாம். குலோத்துங்கன் காலத்தில் குடமலைநாட்டுச் சாவேற்றுப் படையினர், அதாவது உயிர்விடச் சூளுரைத்த வீரர், கூட்டம் கூட்டமாக மடிந்தனர் என்பதைச் சோழர் மெய்க்கீர்த்தியே ஒப்புக்கொள்கிறது. வென்றவன் வாயால் வந்த இந்தச் சான்று எதிர்ப்பின் கடுமையை நன்கு காட்டும்.

போரின் முடிவு ஆரவாரம் இல்லாதது. கொல்லம் ஆண்டு 278இல், அதாவது 1102–03இல், சேரப் பெருமாள் இராம குலசேகரன் கொல்லத்தில் தங்கியிருந்து, ஆரியப் பிராமணரோடு நேர்ந்த விரோதத்துக்குக் கழுவாயாக நெல் வழங்கிய செய்தி அங்குள்ள இராமேசுவரம் கோயிற் கல்வெட்டில் பதிந்துள்ளது. தலைநகரை விட்டுத் தெற்கே வந்து நிற்கும் அரசனையே நாம் அதில் காண்கிறோம். அவனுக்குப்பின் பெருமாக்கள் ஆட்சி சிதறியது. சோழர் கையும் தெற்கே தளர, 12ஆம் நூற்றாண்டில் வேணாட்டார் நாஞ்சில்நாடு வரை ஓங்கினர். ஆக, நெடுநாள் பொருத இருவருமே இந்நிலத்தைக் கைவிட்டனர். இடையில் இருந்தவனுக்கு அது எஞ்சியது.

இடைவிடாது நூறாண்டு நடந்த ஒரே போர் இது என்னும் கொள்கையைப் பிற்கால ஆராய்ச்சியாளர் ஏற்கவில்லை. எம்.ஜி.எஸ். நாராயணன் முதலியோர், தனித்தனிப் படையெடுப்புக்களே நிகழ்ந்தன என்றும், நெடிய அமைதிக் காலங்கள் இடையில் இருந்தன என்றும் காட்டினர். அவர்கள் கூற்று தக்கதென்றே தோன்றுகிறது. எனினும் ஐரோப்பிய ஒப்புமை ஒருவகையில் நமக்கு உதவும். ஆங்கில அரசன் மூன்றாம் எட்வர்டு பிரெஞ்சு இளவரசி இசபெல்லாவின் மகன்; அந்த உரிமை கொண்டே பிரெஞ்சு முடியைக் கேட்டான். அவன் நாட்டு வழக்குமன்றங்களில் 1362 வரை பிரெஞ்சு மொழியே வழங்கியது. ஆகவே இரண்டு தேசங்கள் போர் தொடுத்தன என்பதைவிட, உறவினர் இருவர் சொத்துக்குச் சண்டையிட்டனர் என்பதே பொருந்தும். தேசம் என்ற உணர்ச்சி போருக்குப் பின்னரே முற்றியது.

சேர சோழர் போரும் இத்தகையதே. அது தமிழர்க்கும் மலையாளிகளுக்கும் இடையே நிகழ்ந்த போர் அன்று. தாக்கிய சோழன் கல்வெட்டும் தமிழ். தாக்குண்ட தென்னாட்டில் ஆய் மன்னன் வட்டெழுத்தில் பொறித்த செப்பேடும் தமிழ். மலையாளம் தனிமொழியாகக் கிளைத்து ஓங்கியது படிப்படியாகப் பிற்காலத்தில் நடந்தது. இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அவ்வாறே சேர வேண்டும் என்று கோரப்பட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே கோடு விழுந்தது. பார்த்திவபுரம் அந்தக் கோட்டுக்கு இப்பால். திருப்புறமும் விழிஞமும் அப்பால். ஒரே வீட்டுப் பெண்களில் அக்காள் ஒரு மாநிலத்துக்கும் தங்கை மறு மாநிலத்துக்கும் வாழ்க்கைப்பட்ட குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் பல.

டில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் நம்மிடம், ‘நீங்கள் தமிழரா, மலையாளியா?’ என்று பக்கத்து வீட்டார் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்குச் சிலர் இராசராசனைத் துணைக்கு அழைக்கின்றனர். வேறு சிலர் சாவேற்று வீரரை அழைக்கின்றனர். இருவரும் பழைய மன்னர்க்கு இல்லாத பகையை அவர்கள்மேல் ஏற்றுகின்றனர். காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்ட பார்த்திவபுரத்துச் சட்டர்க்கு மூவரசர் நாட்டு வழக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. எல்லையில் வாழ்பவன் ஒரு பக்கத்தை மட்டும் அறிந்தால் போதாது என்பதை அவ்விதி வகுத்தவர் உணர்ந்திருந்தனர். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும் அன்பர்கள் விழிஞத்துக் குடைவரையையும் பார்த்திவபுரத்துக் கோயிலையும் ஒரே நாளில் கண்டு வரலாம். விழிஞத்தில் 2025இல் திறக்கப்பெற்ற புதிய துறைமுகத்தில் இன்று பெருங்கப்பல்கள் அணைகின்றன. பாண்டியனும் சேரனும் சோழனும் வேண்டி நின்ற பொருள் எது என்பது அவற்றைக் கண்டபோது எளிதில் விளங்கும்.